இருமல்காரன் பிழைத்த போர்

பிப்ரவரி 4

அன்பு மகள் சுண்டெலிக்கு,

நேற்றுக் கடையில் என் மானம் கப்பலேறிவிட்டது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

உன் புத்தகம் வந்த நாளிலிருந்து நான் சும்மா இருக்கிறேனா? சோபா தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், ரெக்சின் விற்க வருகிறவர், எதிர்க் கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "என் பொண்ணு எழுதின புத்தகம். உள்ள ஒரே போர். மலை மாதிரி ஒரு மிருகம், நெருப்பா கக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அட்டையில் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள்? இறக்கையும் நெருப்புமாக. நம் கடைத் தச்சர் இருக்கிறாரே, அவர் "எத்தனை பேர் சாவாங்கண்ணே?" என்று கேட்டதற்கு, "எண்ணி மாளாது" என்று வேறு சொல்லிவைத்திருந்தேன்.

கடையில் கணக்கு எழுதும் அம்மா, நாங்கள் கணக்கம்மா என்று கூப்பிடுவோமே, அவர் யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார். நேற்று ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டார்.

"அண்ணா, போர் எந்தப் பக்கத்துல வருது?"

"நடுவுலம்மா, நடுவுல."

"நடுவுல ஒருத்தர் உக்காந்து செருப்புத் தைக்கிறாரேண்ணா."

"அதுக்கு அடுத்த பக்கமா இருக்கும்."

"அடுத்த பக்கத்துலயும் அதே செருப்புதான். இன்னொரு கால்."

வாடிக்கையாளர் சிரித்தார். தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தவன், வெகுநேரம் நிமிரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் போட்ட முதல் பக்கத்தை மட்டும்தான் நாலைந்து தடவை படித்திருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுசாகப் படித்த புத்தகம் என்றால் அது குக்கரோடு வந்த சிறு புத்தகம்தான். அதிலும் கடைசிப் பக்கம் வேறு மொழியில் இருந்தது.

நேற்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கிறேன். "நாளைக் காலையில் போர்" என்று ஆரம்பித்திருக்கிறாய். சபாஷ் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது பக்கம் தாண்டியாகிவிட்டது, இன்னும் இன்றைக்கே முடியவில்லை.

போனில் கேட்கலாம்தான். "போன்ல நீங்க சாப்டியான்னு கேட்டுட்டு வச்சிடறீங்கப்பா, எழுதுங்க" என்று நீதானே சொன்னாய்? எழுதிவிட்டேன். போர் எங்கேம்மா?

கடையில் தலைகாட்ட முடியாத,
உன் அப்பா

பின்குறிப்பு: அம்மா படித்து முடித்து ஒரு மாதம் ஆகிறதாம்! போரே இல்லை என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்கிறாள். முழங்கால் வலி தவிர மற்றபடி நன்றாக இருக்கிறாள்.


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். "இன்னொரு கால்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

போர் இல்லை, அப்பா. கதை முழுவதும் போருக்கு முந்தின நாள்தான். மறுநாள் காலையில் எதிரிப் படை வரப்போகிறது. ஊருக்குப் பின்னால் மலை போலத் தூங்கிக்கிடக்கும் அந்த மிருகம் எழுந்துகொண்டால் ஊர் பிழைக்கும், எழாவிட்டால் பிழைக்காது. அந்த ஒரு நாளை அவரவர் என்ன செய்து கழிக்கிறார்கள் என்பதைத்தான் எழுதினேன். ஊர்க் கதவைக் காக்கிற கதவுக்காரர் செருப்புத் தைக்கிறார். விளக்கேற்றுகிறவள், நாளைக்கு வேண்டியிருக்குமா என்றே தெரியாத திரிகளைத் திரித்து அடுக்குகிறாள். அந்த மிருகம் தூக்கத்தில் ஒரே ஒரு தடவை புரண்டு படுக்கிறது. அலமாரியில் கோப்பைகள் அதிர்கின்றன. அவ்வளவுதான். அட்டைப்படம் போட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வியையே என் பதிப்பாசிரியரும் கேட்கிறார். இரண்டாவது புத்தகத்தின் பாதியைக் கொடுத்திருந்தேன். போன வாரம் கூப்பிட்டார். நல்ல மனிதர், அப்பா. முதல் புத்தகத்தை யாரும் தொடாதபோது துணிந்து போட்டவர். "உங்க வாக்கியமெல்லாம் பாட்டு மாதிரி இருக்கு. ஆளுங்க உயிரோட நடமாடறாங்க. ஆனா வண்டி எப்பம்மா கிளம்பும்? படிக்கிறவங்க எல்லாம் ஸ்டேஷன்லயே உக்காந்திருக்காங்க" என்றார். இரண்டாவது புத்தகம் போரில்தான் தொடங்க வேண்டுமாம். ஐம்பது பக்கத்துக்குள் கதவுக்காரர் சாக வேண்டுமாம். அப்போதுதான் படிக்கிறவர்கள் கீழே வைக்க மாட்டார்களாம். அப்படி எழுதினால் போடுவார். இல்லையென்றால் அவரால் முடியாது. வேறு யாரும் போடப் போவதும் இல்லை. ஏப்ரலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பகலெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை மொழிபெயர்க்கிறேன். "தலைசுற்றல் ஏற்படலாம், வாந்தி ஏற்படலாம்." வீட்டுக்கு வந்து கதவுக்காரர் முன்னால் உட்கார்ந்தால், இப்போதெல்லாம் அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

ஒரு போர்தானே? எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அம்மாவின் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
சுண்டெலி


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

என்னைப் பார்த்து நீ அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை. தச்சரிடம் காட்டினேன். "பாவம், யாரும் கிடைக்கலை போல" என்றார்.

நான் பதிப்பாசிரியர் பக்கம். கோபப்படாதே. நம் தொழிலை எடுத்துக்கொள். போன மாதம் ஒரு அம்மா பழைய சோபாவைக் கொண்டுவந்து, கிளிப்பச்சையில் துணி போடச் சொன்னார். அந்த மரத்துக்கு அந்தப் பச்சை கண்ணைக் குத்தும். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டோம். அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். கேட்கிற கலரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் பஞ்சும் உன்னுடையதுதானே?

உனக்குப் போர் எழுதக் கை வரவில்லையென்றால் சொல்லு, நான் எழுதித் தருகிறேன். சிரிக்காதே. சண்டைப் படம் என்றால் ஒன்று விடாமல் பார்த்தவன் நான். போரில் என்ன இருக்கிறது? குதிரை வர வேண்டும், புழுதி கிளம்ப வேண்டும், ஒருத்தன் "விடாதே, பிடி" என்று கத்த வேண்டும். உன் அளவுக்குச் சொல் அழகு இருக்காது. ஆனால் வேகம் இருக்கும். நான் இதைச் சொன்னதும் அம்மா உள்ளேயிருந்து, "அவ கேட்டாளா உங்களை?" என்றாள். அவளுக்கு எப்போதும் என் திறமை மேல் பொறாமை.

புத்தகத்தில் செருப்புத் தைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். கணக்கம்மா சொன்னது பொய்யில்லை, ஏழெட்டுப் பக்கத்துக்குத் தைக்கிறார் மனுஷர். ஒரு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். "நாளை நடக்கப் போகும் தூரம் முழுவதையும் இன்றைக்கே தைத்து வைத்துவிடுகிறவன் போல, அவன் ஒவ்வொரு தையலாக இழுத்தான்." நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு இழுத்தால் தோல் கிழியும், அதைக் கவனித்துக்கொள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே பேசுகிறாராம் கதவுக்காரர். "யாரைப் பார்த்து எழுதியிருக்கா?" என்று அம்மா கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்? ஊரில் எத்தனையோ பேர் ஊசி கவ்வுகிறார்கள்.

போரை எழுதிவிடு. புத்தகம் வெளியே வரட்டும்.

தொழில் தெரிந்த,
உன் அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

தயவுசெய்து நீங்கள் போர் எழுத வேண்டாம். நானே எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வருமுன்பே தொடங்கி, முழுதாக இரண்டு வாரம். குதிரை, புழுதி, நீங்கள் சொன்ன எல்லாம் இருக்கிறது. கதவுக்காரர் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சாகிறார். ஈட்டி. ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. எழுதி முடித்து எழுந்துபோய் பாத்திரம் கழுவினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மருந்துத் தாளில் "மரணம் ஏற்படலாம்" என்று எழுதுகிற மாதிரிதான் இருந்தது.

இன்னொரு தடவை படித்துத் திருத்திவிட்டு அனுப்பப் போகிறேன். நீங்களும் அவரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இனி தச்சரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், போர் நடுவில் கூட இல்லை, முதலிலேயே வருகிறது என்று.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவள் கதவுக்காரரைப் பற்றி என்னிடம் அடிக்கடி விசாரிப்பாள்.

சுண்டெலி


மார்ச் 23

அன்பு மகளுக்கு,

நீ வேண்டாம் என்று சொன்ன கடிதம் வருவதற்குள் நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

சோபாவுக்கு அளவு வெட்டுகிற பழுப்புத் தாள் இருக்கிறதல்லவா, அதில் ஒரு முழம் கிழித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் வெட்டு மேசை மேல் வைத்து எழுதினேன். முதல் போர் இதோ: "பொழுது விடிந்தது. பத்தாயிரம் பேர் குதிரையில் வந்தார்கள். பெரிய சண்டை நடந்தது. எல்லாரும் செத்தார்கள்."

தச்சர் வாங்கிப் படித்தார். "என்னண்ணே இது, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு. வந்தாங்க, போயிட்டாங்க. யாராவது ஒருத்தன் முன்னாடி வர வேணாமா?"

நியாயம்தானே? மறுநாள் ஒருத்தனை முன்னால் கொண்டுவந்தேன். எதிரிப் படைக்காரன், கையில் ஈட்டி. கதவை உடைக்க வருகிறான், நம் கதவுக்காரர் அவனைக் குத்திச் சாய்க்க வேண்டும். இதுதான் என் திட்டம். பத்தாயிரம் பேரில் இவன் எப்படித் தனியாகத் தெரிவான்? ஏதாவது அடையாளம் வேண்டும். நொண்டி என்று போடலாமா, மீசை என்று போடலாமா என்று யோசித்து, கடைசியில் இருமல் என்று போட்டேன். புழுதியில் வருகிறானே, இருமத்தானே செய்வான்?

நான் செய்த தப்பு அதுதான்.

இருமல் என்று எழுதியதும், இது இன்றைக்கு வந்த இருமலா, முன்னாலேயே உண்டா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. முன்னாலேயே உண்டு என்றால், இவன் கிளம்பும்போது வீட்டில் ஒருத்தி "இந்த இருமலோடயா போறே?" என்று கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் இவன் "போற வழியில சரியாயிடும்" என்று சொல்லியிருப்பான். படையில் பக்கத்தில் படுக்கிறவனுக்குத் தூக்கம் கெடுமே என்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமியிருப்பான். இதையெல்லாம் எழுதி முடித்துப் பார்த்தால், பழுப்புத் தாள் தீர்ந்துவிட்டது, இன்னும் அவன் கதவுப் பக்கமே வந்து சேரவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன்னைச் சொன்னேனே!

ஒரு வழியாகக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் கதவுக்காரர். கடையே என்னைச் சுற்றி நிற்கிறது.

"குத்துங்கண்ணே. சீக்கிரம் குத்துங்க, சோறு ஆறுது" என்கிறார் தச்சர்.

"குத்தினீங்கன்னா, இனிமே உங்க லீவு லெட்டரை நான் முதலாளிகிட்ட கொண்டு போக மாட்டேன், சொல்லிட்டேன்" என்கிறார் கணக்கம்மா.

"போர்னா நாலு பேர் சாகத்தான்மா வேணும்." தச்சர் விடவில்லை.

"அந்த நாலு பேர்ல நீங்க போய் நில்லுங்களேன்."

நான் பென்சிலைத் தாள் மேல் வைத்தேன். கதவுக்காரரோடு நான் ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஊசியை எந்தப் பக்கம் கவ்வுவார் என்று எனக்குத் தெரியும். செருப்புத் தைக்கிற அந்தக் கையால் ஈட்டியை எப்படி எடுப்பார்? சரி, இவர் வேண்டாம், அவனே இவரைக் குத்தட்டும் என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. அவன் இருமிக்கொண்டு நிற்கிறான். குறி எங்கே வைப்பான்?

அப்போது தச்சர், இதுவரைக்கும் குத்து குத்து என்று நின்றவர், மெதுவாகக் கேட்டார்: "ஏண்ணே, அந்தாளு இவ்ளோ தூரம் வந்திருக்கானே, யாரும் இருமலுக்கு ஒண்ணும் குடுக்கலையா?"

என் போர் அதோடு முடிந்தது. கதவுக்காரர் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து ஒரு கோப்பை வெந்நீரை வெளியே நீட்டினார். அவன் வாங்கிக் குடித்தான். குடிக்கும்போது அந்த மலை மிருகம் ஒரு தடவை புரண்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தாளை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், கணக்கம்மா திருத்தியதும் கொஞ்சம் இருக்கிறது.

உன் கடிதம் மறுநாள் வந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கம் என்ற இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

சுண்டெலிம்மா, அந்தப் பச்சை சோபாவை உதாரணம் சொன்னேனே, அது தப்பு. துணியை மாற்றினால் சோபா சாகாது. நீ ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்பது, ஒரு முழம் தாள் எழுதிய பிறகுதான் இந்த மரமண்டைக்கு ஏறியது. ஒருத்தன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டால், அப்புறம் அவனைத் தாண்டி வேகமாக நடக்க முடியவில்லை. இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது, உங்கள் ஆட்கள் ஏதாவது வைத்திருப்பார்கள்.

நீ அனுப்பியிருந்தால் போகட்டும், அதுவும் உன் புத்தகம்தான். நான் வாங்குவேன், எல்லாருக்கும் சொல்வேன். நாற்பத்து இரண்டாம் பக்கம் வரைக்கும் படிப்பேன். அனுப்பாமல் இருந்தால், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். இந்தத் தடவை நான் யார் பக்கமும் இல்லை. பொய். கதவுக்காரர் பக்கம்.

தோற்றுப்போன படைத்தலைவன்,
உன் அப்பா


ஏப்ரல் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுப்பவில்லை. எல்லாம் தயாராக இருந்தது, அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைப்பேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். இப்படியே போனது. இடையில் உங்கள் பழுப்புத் தாள் வந்தது.

ஆபீஸில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். அன்று நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததும் இருமல் மருந்துத் தாள்தான், சத்தியமாக. முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்து நாற்காலித் தோழி "என்னடி ஆச்சு?" என்றாள். "எங்கப்பா ஒருத்தரைக் கொல்ல முயற்சி பண்ணியிருக்கார், முடியலை" என்றேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அப்பா, பதிப்பாசிரியர் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. அது எந்தப் பாதி என்றுதான் எனக்கு இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது. என் ஊரில் இருக்கிற ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்கள் என்பது வரைக்கும் தெரியும். எதிரிப் படையில் எனக்கு ஒருவரைக் கூடத் தெரியாது. வெறும் புழுதியாகத்தான் வைத்திருந்தேன். அதனால்தான் மறுநாள் காலை எனக்கு விடியவே இல்லை. அவர் போர் வேண்டும் என்றார், நான் ஒரு ஈட்டியைத் தேடிப் போனேன். தேடியிருக்க வேண்டியது ஒரு ஆளை.

உங்கள் இருமல்காரனை எனக்குக் கொடுப்பீர்களா? கேட்காமல் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் வீட்டிலிருந்து கிளம்புகிற இடத்தில் இரண்டாவது புத்தகத்தைத் தொடங்கப் பார்க்கிறேன். போர் வரும், அப்பா. யார் பிழைப்பார்கள் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அது ஒரு இருமலில் தொடங்கும்.

இதை அவருக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. வியாழக்கிழமை நேரிலேயே போகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன், ஐம்பது பக்கத்துக்குள் யாரையும் சாகடிக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். நான்கு வருட வேலை மேசை டிராயருக்குள் போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்றிலிருந்து கதவுக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

அம்மாவிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். தச்சருக்கும் கணக்கம்மாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
சுண்டெலி


ஏப்ரல் 16

அன்பு மகளுக்கு,

இருமல்காரனை எடுத்துக்கொள். நல்லபடியாகப் பார்த்துக்கொள்வாய் என்று தெரியும். தச்சர் மட்டும் ஒரு நிபந்தனை போடுகிறார், வெந்நீர் அவர் யோசனையாம், அதைப் புத்தகத்தில் எங்காவது குறிப்பிட வேண்டுமாம். "யாரு எழுதினாலும் கரு என்னோடதுண்ணே" என்று உளியை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, எழுத்தாளர் ஆகிவிட்டார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈட்டி, நாற்பத்து மூன்றாம் பக்கம், எல்லாம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "அவ எழுத மாட்டா. எனக்குத் தெரியும்" என்றாள். "எழுதிட்டாளேடி, அதைத்தானே சொல்றேன்" என்றால், "அனுப்பலை இல்ல? அப்ப எழுதலை" என்று முடித்துவிட்டாள். உன் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறாள். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க இருக்கே? செருப்பா, திரியா?" என்று கேட்டுத் தொந்தரவு செய்கிறேன். முந்தாநாள் என்னை எழுந்து போகச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை நீ போன் செய்ததைப் பற்றி எழுத வேண்டும். நான் அன்றைக்குச் சரியாகப் பேசவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

தோலை உரித்துப் போட்ட ஒரு பெரிய சோபாவுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, அடித்துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். நீ நடந்துகொண்டே பேசினாய், பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. "அப்பா, முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாய். நான் "ம்" என்றேன். "ஒப்பந்தம் இல்லைன்னு ஆயிடுச்சு. ஆனா எழுதி முடிச்சதும் முதல்ல அவருக்குத்தான் காட்டணுமாம். இருமல்காரனைப் பத்திச் சொன்னப்ப எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாருப்பா. அப்புறம் அவன் வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டார்" என்றாய். அதற்கும் "ம்" என்றேன்.

"ஏதாவது சொல்லுங்கப்பா."

"வாயில ஊசிம்மா."

ஊசியை நான் அதற்கு வெகுநேரம் முன்பே எடுத்துத் துணியில் குத்தி வைத்துவிட்டேன். நீ முதல் வார்த்தை சொன்னபோதே எடுத்துவிட்டேன்.

அவர் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாரே, அதைத்தான் நான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷர் புத்தகத்தைப் போடுவாரோ மாட்டாரோ, ஸ்டேஷனை விட்டு அவர் வண்டி கிளம்பிவிட்டது. அதனால் டிராயரைப் பற்றிக் கவலைப்படாதே. அவர் இல்லையென்றால் இன்னொருவர் ஜன்னலைத் திறப்பார். நீ எழுதுகிற வேகத்துக்கு அதுவரை நேரம் இருக்கிறது.

இங்கே உனக்குப் படிக்கிற ஆள் ஏற்கெனவே நாலு பேர் சேர்ந்துவிட்டோம். எழுத எழுத அனுப்பு. சாப்பாட்டு வேளையில் கணக்கம்மா சத்தமாகப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பாதியில் யாரும் சுத்தியல் அடிக்கக் கூடாது என்று இப்போதே உத்தரவு போட்டாகிவிட்டது. மெதுவாகவே எழுது. எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா ஆசி சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா

பின்குறிப்பு: இதை எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன், எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் போனில் நீ "முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றபோது நான் சோபாவுக்குள் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? நீ பேசி முடிக்கும்போது நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஸ்பிரிங்குகளுக்கு நடுவில், கையைக் கட்டாத குறையாக, நேராக நின்றுகொண்டிருக்கிறேன். போனை வைத்ததும் தச்சர் கேட்டார்:

"யாருண்ணே லைன்ல? முதலாளியா? இப்படி எழுந்து நிக்கறீங்க?"

"கால் மரத்துப்போச்சுப்பா" என்றேன்.

எழுத்தாளர் பேசினாங்க என்று சொல்லவில்லை.